முள் துடிக்கிறதா என்று பாருங்கள்: பழைய 944 காரில் மின்கோளாறு தேடிய 14 மாதங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போயிருந்தோம். வெளியே 29 பாகை வெயில். மர நிழல் இல்லாத இடமாகப் பார்த்து, வேண்டுமென்றே அங்கே காரை நிறுத்தினேன். இரண்டரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பியபோது, என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் சுழற்சிமானியின் முள் சற்றே துடித்தது. அடுத்த கணம் என்ஜின் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டார். சென்ற ஆண்டு திருவிழாக் காலத்தில் இதே இடத்தில் அவரை 50 நிமிடம் வெயிலில் காக்கவைத்தது இந்தக் கார்தான். அந்த 50 நிமிடத்துக்கும் இந்த ஒரு திருப்பலுக்கும் இடையில் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கார் 1986ஆம் ஆண்டின் போர்ஷே 944. இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. என்ஜின் முன்னால், கியர்பெட்டி பின்னால். 1980களின் கடைசியில் நான் சிறுவனாக ஜெர்மனிக்கு வந்தபோது, எங்கள் அகதிகள் விடுதிக்கு எதிர்வீட்டில் ஒருவர் இதே காரைச் சிவப்பு நிறத்தில் வைத்திருந்தார். படுத்திருக்கும் முன்விளக்குகள் மாலையில் எழுந்து கண் திறப்பதைப் பார்ப்பதற்கென்றே சன்னலோரம் நிற்பேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு டோர்ட்மண்டில் ஒன்று கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. 30 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு உரிய ‘எச்’ எழுத்து எண்பலகையும் வாங்கிவிட்டேன். என்ஜினில் குறை இல்லை, அடித்தளத்தில் துரு இல்லை. மின்சாரம் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. இதற்கு ஜெர்மன் மொழியில் ‘வாக்கல்கொண்டாக்ட்’ என்று ஒரு சொல் உண்டு. ஆடிக்கொண்டிருக்கும் தொடுப்பு என்று பொருள். நாற்பது வயதை நெருங்கும் எந்த வண்டிக்கும் வரக்கூடிய நோய் இது. இதில் கொடுமையான பகுதி, நாம் தேடும் நேரத்தில் கோளாறு அங்கே இருக்காது என்பதுதான்.

முதல் கோடை: தவறான பம்பு

கோயில் வாசலில் அன்று நடந்தது இது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வலுவாகச் சுற்றியது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. கேபிளோடு ஓடிவந்த ஓர் அண்ணை, “தம்பி, பேட்டரிதான். பெட்டியைத் திற” என்றார். அவர் மனம் நோகக்கூடாது என்று கேபிளைப் போட்டுப் பார்த்தோம். மாற்றம் இல்லை. 50 நிமிடம் கழித்து, வெயில் சாய்ந்து கட்டடத்தின் நிழல் காரின் மீது விழுந்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் என்ஜின் ஓடத் தொடங்கியது. வீடு வரைக்கும் 45 கிலோமீட்டர் ஒரு தடங்கலும் இல்லை.

மறுநாள் காலையில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, பின்பக்கம் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டேன். பெட்ரோல் பம்பின் ரீங்காரம் இல்லை. பம்பு போய்விட்டது என்று அப்போதே முடிவு கட்டினேன். புதிய பம்பு 145 யூரோ, செம்பு வாஷர்கள் 6 யூரோ. காரைத் தாங்கிகளில் நிறுத்தி, பின்சக்கரத்தின் அருகே படுத்து, பெட்ரோல் முழங்கை வரை வழிய, ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவழித்து மாற்றினேன். முடித்து, சாவியைத் திருப்பினேன். புதிய பம்பிலும் ரீங்காரம் இல்லை. ஆனால் ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் வண்டி உடனே ஓடியது.

வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது அது. இந்த வண்டியில் சாவியைத் திருப்பியவுடன் பம்பு ஓடாது. என்ஜின் சுற்றுகிறது என்று கணினிக்குத் தெரிந்தால்தான் அது பம்புக்கு அனுமதி கொடுக்கும். நான் கேட்டது பழுதின் ஓசையின்மை அல்ல, வண்டியின் இயல்பு.

இந்த வண்டியின் ஏற்பாட்டைப் பற்றி இதற்கு மேல் இன்னும் கொஞ்சம் மட்டும் சொல்லிவிடுகிறேன். எரிபொருள், தீப்பொறி இரண்டையும் ஒரே கணினிப் பெட்டிதான் நடத்துகிறது. போஷ் மோட்ரானிக் அமைப்பு. 944 வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பெட்டியை டிஎம்இ (டிஜிட்டல் மோட்டார் எலக்ட்ரானிக்ஸ்) என்பார்கள். என்ஜினுக்குப் பின்னால், கிளட்ச் மூடியின் மேல் இரண்டு சென்சார்கள் அருகருகே குந்தியிருக்கின்றன. ஒன்று என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பறக்கும் சக்கரத்தின் (ஃப்ளைவீல்) 132 பற்களை எண்ணுகிறது. மற்றொன்று, ஒரு சுற்றுக்கு ஒருமுறை கடந்துபோகும் ஒற்றை முளையைப் பார்க்கிறது. இரண்டு செய்தியும் வந்தால்தான் பெட்டி விழிக்கும், பொறி பறக்கும், ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் வழியாகப் பம்பு ஓடும். இதில் நமக்குக் கிடைக்கும் வரம், ஸ்டார்ட்டர் சுற்றும்போது சுழற்சிமானியின் முள் கொஞ்சம் துடித்தால், பெட்டிக்கு மின்சாரமும் சென்சார் செய்தியும் வந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். முள் செத்துக் கிடந்தால் அந்த இரண்டில் ஒன்று இல்லை. ஒரு கருவியும் இல்லாமல் கோளாற்றை இரண்டாகப் பிளக்கும் வழி இது. கோயில் வாசலில் முள் துடித்ததா என்று நான் பார்க்கவே இல்லை.

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காரின் கதவுப் பையில் வைத்தேன். நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் ஆறு விவரம் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்: நாள், வெளி வெப்பம், எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை நிமிடம் வெயிலில் நின்றது, முள் துடித்ததா, எப்போது சரியானது. அடுத்த ஐந்து வாரத்தில் ஏழு பதிவுகள் சேர்ந்தன. ஏழிலும் வெளியே 26 பாகைக்கு மேல், வெயிலில் நின்ற கார். ஏழிலும் முள் துடித்திருக்கிறது. ஒரு முறைகூடக் காலையில் நிகழவில்லை.

ரிலேக்குள் ஒரு மயிரிழை

முள் துடிக்கிறது, பம்பு மட்டும் ஓடவில்லை என்றால் இடையில் இருப்பது ரிலே. டிஎம்இ ரிலே என்று பெயர். வெளியிலிருந்து பார்க்க ஒரு பெட்டி, உள்ளே இரண்டு ரிலேக்கள். ஒன்று கணினிக்கு, ஒன்று பம்புக்கு. சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு சிறு வயரின் இரு முனையிலும் தட்டை முனைகளை நெருக்கி, நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்தேன். எட்டாவது முறை நின்றபோது, கடை வாகனத் தரிப்பிடத்தில் ரிலேயைப் பிடுங்கி, அடித்தட்டில் 30, 87பி என்று எண்ணிட்ட இரண்டு துளைகளையும் அந்த வயரால் இணைத்தேன். பின்னாலிருந்து பம்பு ரீங்கரித்தது. அந்த ஓசையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. இரண்டு மாதமாக ஊகித்துக்கொண்டிருந்தவனுக்குக் கிடைத்த முதல் உறுதியான செய்தி அது.

வீட்டில் ரிலேயின் மூடியைத் தட்டைத் திருப்புளியால் நான்கு பக்கமும் மெல்ல நெம்பிக் கழற்றினேன். வெறுங்கண்ணுக்கு எல்லாம் பளபளப்பாக இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸில் பார்த்தபோது, பெரிய முனைகள் இரண்டைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக ஒரு மயிரிழை தெரிந்தது. குளிர்ந்திருக்கும்போது முனையும் ஈயமும் தொட்டுக்கொள்கின்றன. சூடேறினால் விலகுகின்றன.

இதையும் கண்ணால் பார்த்ததை வைத்து மட்டும் நம்பக்கூடாது என்று, ரிலேயை மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுத்து, பம்புப் பக்கத்து முனையில் ஒரு 21 வாட் விளக்கை இணைத்தேன். விளக்கு எரிந்தது. முடி உலர்த்தியை எடுத்துச் சூடு காட்டினேன். நான்காவது நிமிடம் விளக்கு மினுக்கி அணைந்தது. ரிலேயின் ‘டிக்’ ஒலி மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒலியை நம்பி ரிலே நலம் என்று சொல்பவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஊதி ஆற்றியதும் விளக்கு மறுபடி எரிந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்றிலும் அப்படியே. முடி உலர்த்தியை மேசையில் மட்டும் பயன்படுத்துங்கள். பெட்ரோல் வாடை இருக்கும் என்ஜின் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

பழைய ஈயத்தை உறிஞ்சு நாடாவால் முழுவதும் எடுத்துவிட்டு, புதிதாகப் பற்றவைத்தேன். சால்டரிங் அயர்ன் 370 பாகையில், 0.8 மி.மீ. கம்பி. முனைகள் தடிப்பானவை என்பதால் சூட்டை இழுத்துக்கொள்கின்றன. மெல்லிய ஊசி முனையால் முதலில் முயன்றபோது ஈயம் மேலே உட்கார்ந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. 3 மி.மீ. உளி முனைக்கு மாற்றிய பிறகுதான் சரியாக ஓடியது. அதோடு 58 யூரோவுக்கு ஒரு புதிய ரிலே வாங்கி, இணைப்பு வயரோடு முன்பெட்டியில் வைத்தேன்.

மூன்று வாரம் வெயில் அடித்தது. கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்து நோட்டில் கோடு கிழித்தேன்.

இடையில் ஒரு திருடன்

செப்டம்பரில் வேறு தொல்லை. ஐந்து நாள் ஓட்டாமல் விட்டால் பேட்டரி இறங்கிப்போனது. எதிர்முனை கேபிளைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்தால் 0.46 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நாளில் 55 ஆம்பியர்-மணி. பேட்டரியே 63 தான். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு ஃபியூஸின் இரு தலையிலும் மீட்டரின் மில்லிவோல்ட் நிலையை வைத்துப் பார்ப்பது எளிது. மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மட்டும் சிறிய எண் தெரியும். எதையும் கழற்றி ஆட்ட வேண்டியதில்லை என்பதால் ஆடும் தொடுப்பும் கலையாது. ரேடியோ ஃபியூஸ் காட்டிக்கொடுத்தது. ரேடியோவை இழுத்தால் பின்னால் பழைய உரிமையாளர் காலத்து ஒலிபெருக்கி ஒன்று எப்போதும் உயிரோடு இருந்தது. மூல வயரில் நீல நிறக் கவ்விகளால் கடித்து மின்சாரம் எடுத்திருந்தார்கள். இந்தக் கவ்விக்கு ஜெர்மன் மொழியில் ‘மின்சாரத் திருடன்’ என்றே பெயர். ஐந்து கவ்விகளையும் அகற்றி, கடிபட்ட இடங்களை வெட்டிச் சேர்த்துப் பற்றவைத்து, சுருங்கு குழாய் போட்டேன். 0.03 ஆம்பியர். கடிகாரத்துக்குத் தேவையானது அவ்வளவுதான்.

முள் விழுந்த நாள்

அக்டோபர் நடுவில், ரயில் பாதையைக் கடக்கும்போது கார் ஒரு குலுக்கலில் ‘வெட்டி’ நின்று மறுகணமே ஓடியது. அந்தக் கணத்தில் சுழற்சிமானியின் முள் 3,000-இலிருந்து பூச்சியத்துக்கு விழுந்து திரும்பியது. கார் ஓடிக்கொண்டிருக்கிறது, கியரில் இருக்கிறது, என்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. முள் மட்டும் விழுகிறது. பெட்ரோல் தடைப்பட்டிருந்தால் முள் என்ஜினோடு சேர்ந்துதான் இறங்கும். இது சென்சார் செய்தி அறுந்ததன் அடையாளம். நோட்டில் கிழித்த கோட்டுக்குக் கீழே மறுபடி எழுதத் தொடங்கினேன். இந்த முறை வெப்பத்துக்கும் நிகழ்வுக்கும் தொடர்பில்லை. குலுக்கலுக்குத்தான் தொடர்பு. முதல் கோளாற்றுக்குச் சூடு எதிரி என்றால் இதற்கு ஆட்டம் எதிரி.

சென்சார்களை அளந்தேன்: ஒன்று 890 ஓம், மற்றது 910. இரண்டும் நலமான எண்கள். சரியென்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் வீணானது. அளக்கும்போது வயர் அசையாமல் கிடந்தது என்பதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர் தொலைபேசி இணைப்பு வேலையில் ஓய்வுபெற்றவர். 78 வயது. அவரிடம் சொன்னபோது, “நோயாளி தூங்கும்போது இருமலை எண்ணப் போகிறீர்களா?” என்று கேட்டார். அவர் சொன்னபடி, மின்சார அலையைத் திரையில் வரைந்து காட்டும் பழைய அலைகாட்டி ஒன்றை 80 யூரோவுக்கு வாங்கினேன். கணினிப் பெட்டியின் 35 முனை இணைப்பியின் பின்பக்கம், சென்சார் வயரில் ஊசிமுனையைச் செருகி, என்ஜினை நிலையோட்டத்தில் விட்டு, மரக் கரண்டிக் காம்பால் வயர்க்கட்டை நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தேன். மனைவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜினின் பின்முனையில், தடுப்புச் சுவரை ஒட்டிய இணைப்பியைத் தட்டியதும் “அறுந்தது, அறுந்தது” என்று கூவினார். அதே நொடியில் என்ஜினும் விக்கியது.

அந்த இணைப்பியைத் தொட்டதும் பிளாஸ்டிக் பிஸ்கட் போல் உதிர்ந்தது. உள்ளே வயரின் உறை இரண்டு அங்குலத்துக்குப் பொடியாகி, செம்பு வெறுமையாக நின்றது. 37 ஆண்டு என்ஜின் சூட்டை அருகிலிருந்து வாங்கிய பிளாஸ்டிக்கிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இரண்டு புதிய சென்சார் 96 யூரோ, இணைப்பிகளும் முனைகளும் 27 யூரோ.

சென்சாரைக் கழற்றுவது இந்தக் கதையிலேயே கடினமான வேலை. ஒவ்வொன்றையும் ஓர் அலன் திருகு பிடித்திருக்கிறது. 5 மி.மீ. சாவி. இடமோ கை நுழையாத இடம். துரு இளக்கும் எண்ணெயை ஒரு மணி நேரம் மட்டும் ஊறவிட்டுத் திருகியதில் முதல் திருகின் தலை உருண்டுவிட்டது. இரண்டாவதற்கு இரண்டு இரவு ஊறவிட்டேன். கையோடு வந்தது. உருண்ட தலையில் சற்றுப் பெரிய நட்சத்திர முனையை அடித்து இறக்கித் திருப்பினேன். வந்தது. வந்த வேகத்தில் கை நழுவி, கிளட்ச் மூடியின் திறப்பு வழியாக உள்ளே விழுந்தது. அப்படியே விட்டால் பறக்கும் சக்கரம் அதை அரைத்துவிடும். நீட்டு காந்தக் கோலால் துழாவி எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அடுத்த முறை அந்தத் திறப்பில் முதலில் ஒரு துணியை அடைத்துவிட்டுத்தான் சாவியையே எடுப்பேன்.

சென்சாரின் முகத்துக்கும் பல்லுக்கும் இடையே 0.8 மி.மீ. இடைவெளி வேண்டும். அளவுத் தகடு அங்கே நுழையாது. 0.8 மி.மீ. தடிப்புள்ள வாஷர் ஒன்றைச் சென்சாரின் முகத்தில் ஒரு துளி பசையால் ஒட்டி, பல்லைத் தொடும்வரை தாங்கியோடு இறக்கி, தாங்கியை இறுக்கிவிட்டு, சென்சாரை வெளியே எடுத்து வாஷரைப் பிய்த்தெறிந்து மறுபடி மாட்டினேன். இந்த வழி மிகச் சரியாக வேலை செய்தது.

மாட்டி முடித்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் முள்ளில் துடிப்பே இல்லை. ஒரு மாலை முழுக்க ஒவ்வொரு முனையாக அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இரவு பத்து மணிக்குத்தான் புரிந்தது: இரண்டு சென்சாரும் ஒரே வகை, இரண்டு இணைப்பியும் ஒரே வடிவம். மாற்றிச் செருகியிருந்தேன். இடம் மாற்றியதும் முதல் சுற்றிலேயே ஓடியது. இப்போது ஒன்றில் வெள்ளை வண்ணப் புள்ளி, மற்றதில் மஞ்சள் புள்ளி.

எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது

குளிர்காலம் முழுவதும் நன்றாக ஓடியது. மே மாதம் மூன்றாவது வடிவம் தலைகாட்டியது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடி, பெட்ரோல் போட நிறுத்தி, உடனே கிளப்பினால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும், முள் அசையாது, பிடிக்காது. சாவியை விட்டுவிடும் அந்தக் கடைசி நொடியில் சில சமயம் ஒரு வெடிப்போடு பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் ஓடும்வரை பெட்டி தூங்குகிறது, ஸ்டார்ட்டர் நின்றதும் விழிக்கிறது என்பதுபோல் இருந்தது.

ஓம் நிலையில் மீட்டரை வைத்து எர்த் வழிகளை, அதாவது மின்சாரம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் வழிகளை, அளந்தேன். எல்லாம் 0.2 ஓம். மீட்டரின் இரு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 காட்டும் மீட்டர் அது. எர்த் நலம் என்று கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தம் பெட்டியிலிருந்து, வயரைக் கவ்வி அதில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கவ்வு மீட்டரைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, “மின்சாரம் ஓடாத வயரை அளந்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? ஓடவிட்டு அளந்து பாருங்கள்” என்றார்.

அவர் காட்டிய முறை இதுதான். மீட்டரை 2 வோல்ட் டிசி நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பத்திலேயே அழுத்துங்கள். கவ்வியில் அல்ல, ஈயக் கம்பத்தில். மறு முனையை என்ஜினின் வெற்று உலோகத்தில் வையுங்கள். இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். என் காரில் குளிர்ந்த என்ஜினில் 0.6. சூடான என்ஜினில் 1.1. அப்போது ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரம் 180 ஆம்பியர். கணக்குப் போட்டால் வழியில் இருக்கும் தடை வெறும் 0.006 ஓம். என் மீட்டரின் ஓம் நிலை ஆயிரம் ஆண்டு தேடினாலும் அதைக் கண்டிருக்காது. ஸ்டார்ட்டரின் பாரம் அதை ஒரு நொடியில் காட்டியது.

கணினிப் பெட்டியின் பழுப்பு நிற எர்த் வயர்கள் கிளட்ச் மூடியின் மேல்தான் முறுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே என்ஜினின் எர்த் 1.1 வோல்ட் மேலே தூக்கினால் கணினியின் தரைமட்டமும் கூடவே தூக்கும். சூடாக இருக்கும்போது பேட்டரி முனையில் 9.9 வோல்ட், நேர்ப்பக்கத்தில் 0.4 போய்விடுகிறது, எர்த்தில் 1.1 போய்விடுகிறது. பெட்டிக்குக் கிடைப்பது 8.4. அது விழிக்காததில் வியப்பில்லை.

பிறகு கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. என்ஜின் பக்க முனையை அப்படியே வைத்துவிட்டு, மறு முனையைப் பேட்டரியிலிருந்து ஒவ்வொரு படியாக நகர்த்தினேன். பேட்டரி கம்பத்திலிருந்து கவ்வி வரை இழப்பு இல்லை. கவ்வியிலிருந்து காரின் உடல் வரை 0.1. உடலிலிருந்து என்ஜின் வரை 1.0. தடுப்புச் சுவரிலிருந்து கிளட்ச் மூடிக்கு வரும் பின்னல் எர்த் பட்டைதான். பார்க்க முழுதாக இருந்தது. கழற்றி வளைத்தபோது உடல்பக்க முனையில் நெருக்கிய இடத்துக்குள்ளிருந்து பச்சைப் பொடி கொட்டியது. பேட்டரி இந்தக் காரில் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. எத்தனையோ ஆண்டு அமில ஈரம் இறங்கியிருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட இழைகள் உள்ளே தின்னப்பட்டிருந்தன.

25 சதுர மி.மீ. புதிய பட்டை 16 யூரோ. இரு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி, பித்தளைத் தூரிகையால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு, எட்டு மி.மீ. போல்ட்டை இறுக்கினேன். இறுக்கிய பிறகுதான் மேலே மெழுகு. கிளட்ச் மூடியின் மேலிருந்த பழுப்பு வயர்களையும் கழற்றி அதேபோல் தேய்த்து மாட்டினேன். சுற்றச் சொல்லி அளந்தால் சூட்டில் 0.08 வோல்ட். நம்பாமல் ஐந்து முறை அளந்தேன். இன்னொன்றும் நடந்தது: வாங்கிய நாளிலிருந்து, விளக்குப் போட்டுப் பிரேக்கை மிதித்தால் பெட்ரோல் முள் மேலே ஏறும். அதுவும் நின்றுவிட்டது. அதை இந்த வண்டியின் குணம் என்று நான்கு ஆண்டு பொறுத்துக்கொண்டிருந்தேன்.

மொத்தச் செலவு 471 யூரோ. மேலே சொன்னவற்றோடு வயர், சுருங்கு குழாய்க்கு 24, மெழுகு, வாஷர், தூரிகைக்கு 19. இதில் பம்புக்குப் போன 151 யூரோ முழுக்க வீண். பழைய பம்பு அலமாரியில் நலமாக இருக்கிறது. அலைகாட்டி வீணில்லை, இன்னும் பல வேலைக்கு உதவும். தனியாக எழுதப்பட வேண்டிய எண் அந்த 16 யூரோ பட்டை.

மறுபடி தொடங்கினால் வரிசையையே மாற்றுவேன். பழைய வண்டி ஒன்று கைக்கு வந்த முதல் வாரமே, கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எர்த்தின் வோல்ட் இழப்பைக் குளிரிலும் சூட்டிலும் அளந்து எழுதி வைப்பேன். அதற்கு ஒரு மீட்டரும் சாவியைத் திருப்ப ஓர் ஆளும் போதும். ரிலே, சென்சார் இரண்டும் உண்மையாகவே பழுதாகத்தான் இருந்தன. ஆனால் தாழ்ந்த வோல்ட்டில் அவை முன்கூட்டியே விழுந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இருக்கிறது. அதை இனிச் சோதிக்க வழியில்லை. நிலையான எண்ணைப் பார்த்து ஒரு பாகத்தை நல்லது என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். சூடு, ஆட்டம், பாரம் மூன்றையும் காட்டிய பிறகுதான் இப்போது எதையும் கடந்து போகிறேன்.

பாக்கியும் இருக்கிறது. நேர்ப்பக்கத்தில் அந்த 0.4 வோல்ட் அப்படியே நிற்கிறது. சாவிக்குப் பின்னால் இருக்கும் மின்சுவிட்சின் மீது எனக்குச் சந்தேகம். ஸ்டீயரிங் தண்டின் உறையைக் கழற்ற வேண்டிய வேலை என்பதால் நவம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதுவரை முடி உலர்த்தி மனைவிக்கு, கவ்வு மீட்டர் எனக்கு. அதை வருவதும் போவதுமாக மூன்று முறை திருப்பிக் கொடுக்கப் போனேன், கீழ்வீட்டுக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. சுவிட்சைக் கழற்றும் நாளில் தாமும் வந்து பார்க்க வேண்டும் என்கிறார். நோட்டில் அந்தப் பக்கத்தின் மேலே தேதி போட்டு, 0.4 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.